வாத்துப் படம் போட்ட பிடிதுணி

எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிறவனிடம் ஓர் ஆபத்து உண்டு. அவன் தப்புச் செய்தால் அதையும் ஒழுங்காகவே செய்துவிடுவான். அரைகுறையாக வேலை செய்கிறவனின் தப்பில் எங்காவது ஓர் ஓட்டை இருக்கும். அதன் வழியாக வெளியே வந்துவிடலாம். என்னைப் போன்றவன் செய்த தப்புக்குள் காற்றுகூடப் புகாது. அதற்கும் டேப் ஒட்டி, ஸ்ட்ராப் கட்டி, மேலே நம்பர் போட்டிருப்பான்.

நான் திருப்பூருக்குப் பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவன். வாலிப வயதிலிருந்து ஒருநாள் விடாமல் டைரி எழுதுகிறவன். துவைத்த துண்டுகளை நிற வரிசையில் அடுக்குகிறவன். ("இவருக்குக் கொட்டாவி வந்தாக்கூட வரிசையாத்தான் வரும்" என்பாள் என் மனைவி வசந்தி.) இவ்வளவு பெருமையையும் ஒரே காலை நேரத்தில், ஊரே கூடியிருந்த இடத்தில், அம்மன் கல்லுக்கு முன்னால் தொலைத்த கதை இது. நடந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். (சரியான தேதி டைரியில் இருக்கிறது. சொன்னால் அதையும் வருஷா வருஷம் கொண்டாட ஆரம்பித்துவிடுவார்கள்.)

முதலில் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லவேண்டும். பங்குனி பிறந்து, வேம்பு பூத்து உதிர ஆரம்பிக்கும்போது, ஒருநாள் ஊர் மொத்தமும் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடும். ஊருக்குக் கிழக்கே கிளுவை வேலி போட்ட பெரிய மேய்ச்சல் நிலம் இருக்கிறது. கொறங்காடு என்போம். அங்கே வெள்வேலா மரத்தடியில் குடும்பத்துக்கு ஓர் அடுப்பு மூட்டி, சமைத்து, சாப்பிட்டு, சீட்டாடி, தூங்கி, பொழுது சாய்ந்த பிறகுதான் ஊருக்குள் திரும்பி வருவோம். பார்க்கிறவர்களுக்கு இது ஊரே சேர்ந்து போகிற பிக்னிக். ஆனால் ஆரம்பித்து வைத்தது சந்தோஷம் இல்லை, பிளேக்.

எங்கள் தாத்தாவின் அப்பா காலத்தில் வீடுகளுக்குள் எலிகள் செத்து விழுந்தனவாம். எலி விழுந்தால் அடுத்தது மனுஷன் என்று தெரிந்துகொண்ட ஊர், கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு அந்தக் கொறங்காட்டில் போய்க் குடிசை போட்டது. அன்றைக்குப் பிழைக்க வைத்த சட்டங்கள்தான் இன்றைக்கு நோம்பிச் (திருவிழா) சட்டங்கள். வெயில் உள்ளே இறங்குவதற்காக அப்போது கூரையைப் பிரித்துவிட்டுப் போனார்கள். அதனால் இப்போதும் ஓட்டு வீட்டுக்காரர்கள் கூரை ஓட்டில் ஒன்றை எடுத்து வைத்துவிட்டுக் கிளம்புவார்கள். தார்சு (மொட்டை மாடி) வீட்டுக்காரர்கள் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, அதற்கு நேராக ஒரு சிசிடிவியும் மாட்டிவிட்டுக் கிளம்புகிறோம்.

இன்னும் இரண்டு சட்டங்கள் உண்டு. காட்டில் போய் உட்கார்ந்துவிட்டால் முதல் பொங்கல் பொங்குகிற வரைக்கும் ஒருத்தரும் எங்கும் போகக்கூடாது. நோயைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள் என்கிற பயத்தில் வந்த சட்டம். எதையாவது மறந்துவிட்டு வந்திருந்தால், பக்கத்து அடுப்பில் கேட்டுத்தான் வாங்கவேண்டும். குடும்பத்துக்கு மூத்தவர் தன் வாயால் கேட்கவேண்டும், ஒவ்வொரு பொருளாகக் கேட்கவேண்டும். அப்படிக் கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது. அன்றைக்கு எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக்கூடாது.

ஒவ்வொரு வருஷமும் ஒரு குடும்பத்துக்கு முறை வரும். அந்தக் குடும்பம்தான் முதல் போசியை (பொங்கல் வைக்கிற பாத்திரம்) அடுப்பில் ஏற்றவேண்டும். அது பொங்கி இறங்கிய பிறகுதான் அந்த அடுப்பிலிருந்து நெருப்பு எடுத்து மற்ற அடுப்புகள் பற்றும். அதுவரைக்கும் ஊரில் ஒரு குழந்தைக்குக்கூடச் சோறு கிடையாது. அந்த வருஷம் முறை எங்களுக்கு.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. அடுப்பு வரிசை பங்காளி வரிசைப்படி. எங்களுக்கு அடுத்த அடுப்பு சித்தப்பாவுடையது. அப்பாவும் சித்தப்பாவும் பேசி வெகு வருஷம் ஆகியிருந்தது. பாகம் பிரித்த பிறகு, எங்கள் தோட்டத்துக்குப் போகும் வண்டித் தடத்தில் சித்தப்பா வேலி போட்டுவிட்டார். தடம் தன் பங்கில் வருகிறது என்றார் அவர். தாத்தா காலத்துத் தடம் என்றார் அப்பா. அன்றிலிருந்து எங்கள் மாடுகள் ஊரைச் சுற்றிக்கொண்டு போயின. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். இந்தப் பக்கம் அப்பா தும்மினால் அந்தப் பக்கம் சித்தப்பா டிவி சத்தத்தைக் கூட்டுவார்.

நோம்பிக்கு ஒரு வாரம் முன்னால் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"இங்க பாரு கண்ணு. அன்னைக்கு ஒரு சாமானம் கொறையப்படாது. அந்த அடுப்புல போயி நானு ஒரு உப்புக்கல்லுக் கேக்கற மாதிரி வெச்சறாத."

"என்றகிட்ட உட்ருங்கப்பா" என்றேன். (இந்த வார்த்தையை நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் ஏதாவது நடந்திருக்கிறது. டைரியைப் புரட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.)

எனக்குத் தெரிந்த பேக்கிங் ஒன்றுதான், எக்ஸ்போர்ட் பேக்கிங். கம்பெனியில் மீந்திருந்த கெட்டி அட்டைப் பெட்டிகளில் நாலு எடுத்துக்கொண்டேன். பித்தளைப் போசியைக் காற்றுக் குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாளில் சுற்றினேன். நெய் பாட்டிலுக்கு மூடியின் மேல் டேப், டேப்பின் மேல் பாலிதீன். அரிசி, பாசிப்பருப்பு, வெல்லம், தேங்காய், முந்திரி, ஏலக்காய், கரண்டி, உப்பு, கற்பூரம், தீப்பெட்டி. பெட்டிக்குள் ஈரம் தங்கக்கூடாது என்று பனியனுக்குப் போடுகிற சிலிகா பொட்டலம்கூடப் போட்டேன். கம்பெனியிலேயே ஒட்டி, ஸ்ட்ராப் மெஷினில் கொடுத்து இறுக்கினேன். தூக்கிக் கீழே போட்டாலும் ஒரு முந்திரி அசையாது.

அதோடு விட்டிருக்கலாம். பெட்டியின் பக்கவாட்டில் 'கார்ட்டன் நம்பர்' என்று அச்சடித்து, எழுதுவதற்கு ஒரு காலி இடம் இருந்தது. காலி இடத்தைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று மார்க்கரில் அழகாக எழுதினேன்.

மறுநாள் நோம்பி. அன்றைக்கு விடியற்காலையில்தான் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு ஒரு லோடு கிளம்ப வேண்டியிருந்தது. குழந்தைகள் ஜட்டி. அதே பெட்டி, அதே அச்சு. அதற்கும் நம்பர் ஒன்றிலிருந்துதான் ஆரம்பம்.

லோடு ஏற்றும்போது நான் பக்கத்தில் நிற்காமல் இருந்ததே இல்லை. அன்றைக்கு முறைக்காரர் வீடு என்பதால் தலைக்குக் குளித்துவிட்டு வீட்டைவிட்டு நகரக்கூடாது. அதனால் லோடிங்கைப் பார்த்துக்கொள்ளும் பிஜய்க்குப் போன் செய்தேன். பிஜய் பீகார்க்காரர். திருப்பூருக்கு வந்து தமிழைக் கொங்குத் தமிழாகவே கற்றுக்கொண்டவர்.

"ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் நாலு பெட்டி என்னுது. அதைய நம்ம டெம்போவுல ஏத்திக் கொறங்காட்டுக்கு அனுப்பிருங்க. மத்ததெல்லாம் லாரிக்கு."

"சரிங் சார். நம்பர் பார்த்து ஏத்தறேனுங்" என்றார் அவர்.

சூரியன் வருவதற்குள் ஊர் காட்டில் இருந்தது. ஆடுகள், சைக்கிள்கள், கார்கள், தூக்கத்திலேயே தூக்கி வந்த குழந்தைகள், டெம்போவில் நாலு பெட்டி எல்லாம் வந்தாயிற்று. பூசாரி அம்மன் கல்லுக்கு மஞ்சள் பூசிவிட்டு, எல்லையில் வேப்பிலை கட்டினார். வேப்பிலை கட்டிவிட்டால் காடு பூட்டியாயிற்று என்று அர்த்தம். அப்பா புது வேட்டி கட்டி, மேல் துண்டை இடுப்பில் இறுக்கி முடிந்துகொண்டு, அடுப்புக்கு முன்னால் வந்து நின்றார். பக்கத்து அடுப்பில் சித்தப்பாவும் அதே கோலத்தில், எதிர்ப்பக்கம் பார்த்தபடி நின்றார்.

"பெட்டியத் தொறங்க" என்றார் பூசாரி.

நான் கட்டரால் ஸ்ட்ராப்பை வெட்டினேன். டேப்பை ஒரே நேர்க்கோட்டில் கிழித்தேன். (கிழிப்பதிலும் ஒழுங்கு.) ஊர் எட்டிப் பார்த்தது. பெட்டியின் மூடியைத் திறந்தேன்.

உள்ளே மஞ்சள் ஜட்டி. ஒவ்வொன்றிலும் குடை பிடித்துக்கொண்டு ஒரு வாத்து சிரித்தது.

இரண்டாவது பெட்டியைத் திறந்தேன். வாத்து. மூன்றாவது. வாத்து. நாலாவதைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. வசந்தி திறந்தாள். அதில் கொஞ்சம் பெரிய சைஸ் வாத்து.

அத்தனை பேர் இருந்த காட்டில் வேப்பம்பூ விழுகிற சத்தம் கேட்டது. பூசாரி கல்லைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "அம்மனுக்கு எத்தனையோ படையல் பார்த்திருக்கறனுங்க…" என்று ஆரம்பித்துவிட்டு, எப்படி முடிப்பதென்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார்.

நான் பிஜய்க்குப் போன் போட்டேன்.

"பிஜய்! என்ற பெட்டி எங்க?"

"லாரியில போயிருச்சுங் சார். ரெண்டு செட்டு ஒண்ணு ரெண்டு மூணு நாலு இருந்துச்சுங். ஒரு செட்டு லாரிக்கு, ஒரு செட்டு டெம்போவுக்கு. கணக்குச் சரியா வந்துச்சுங்."

"கனமா இருந்துச்சே, தெரியலீங்களா?"

"பெரிய ஆளுங்க ஜட்டின்னு நெனச்சேனுங் சார்."

லாரி டிரைவரைப் பிடித்தபோது அவர் ஒட்டன்சத்திரத்தைத் தாண்டியிருந்தார். "பின்னால லொட லொடன்னு சத்தம் கேட்டுச்சுங்க. ஏதோ மெஷின் பார்ட்டுன்னு நெனச்சுட்டனுங்க" என்றார். வண்டியை ஓரமாக நிறுத்திக் காத்திருக்கச் சொன்னேன். என் பெட்டியில் எதுவும் அசையாது என்று இருந்த நம்பிக்கையும் அதோடு போயிற்று.

"அவிநாசிபாளையம் கடைக்குப் போயிட்டு வெசயா வந்தர்றனுங்க" என்று பைக் சாவியை எடுத்தேன். பூசாரி எல்லை வேப்பிலையைக் காட்டினார். பேச்சு முடிந்தது.

எல்லார் கண்ணும் அப்பா மேல் திரும்பியது. அப்பா என்னைப் பார்த்த பார்வையை டைரியில் எழுத முயன்று விட்டுவிட்டேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. குழந்தைகள் ஒவ்வொன்றாக அழ ஆரம்பித்தன. ஒன்று ஆரம்பித்தால் மற்றதற்கும் ஞாபகம் வந்துவிடும்.

நான் மெதுவாகச் சித்தப்பாவிடம் போனேன். "சித்தப்பா… ஒரு போசி…"

"முறைக்காரரு வாயிதான் கேக்கோணும் கண்ணு. இது நான் வெச்ச சட்டமில்ல, பிளேக்கு வெச்ச சட்டம்" என்றார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. ஆனால் மீசை ஆடியது. சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

திரும்பி வந்தேன். அப்பா மரத்தைப் பார்த்து நின்றார்.

"மாமா" என்றாள் வசந்தி அவரிடம், தாழ்ந்த குரலில். "ஊரே பட்டினி கெடக்குதுங்க."

அப்பா தொண்டையைச் செருமினார். வெள்வேலா மரத்திடம் கேட்டார்: "இந்தக் காட்டுல யாரு கிட்டயாச்சும் போசி இருக்குதா?"

சித்தப்பா இன்னொரு மரத்திடம் சொன்னார்: "யாரோ யாரையோ கேக்கறாங்களாட்ட இருக்குது."

கூட்டத்தில் ஒருத்தர் சிரித்தார். ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது. அப்பா அந்தக் குழந்தையைப் பார்த்தார், பிறகு திரும்பினார். வெகு வருஷத்துக்குப் பிறகு தம்பியின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"டேய் சின்னவனே. ஒரு போசி குடுறா."

சித்தப்பா இடுப்புத் துண்டைத் தேவையில்லாமல் ஒருமுறை அவிழ்த்துக் கட்டினார். "எத்தனை படிப் போசி வேணுங்ணா?" என்றார்.

ஒவ்வொரு பொருளாகக் கேட்கவேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். போசி வந்தது. பிறகு தீப்பெட்டி. அடுப்பு பற்றியது. பிறகு தண்ணீர். பிறகு அரிசி. முதலில் அப்பாவின் குரல் கல்லை உருட்டுவதுபோல வந்தது. பருப்புக்கு வரும்போது பரவாயில்லை. வெல்லத்துக்கு வரும்போது இரண்டு பேரும் பழையபடி ஆகிவிட்டார்கள்.

"வெல்லம் இவ்வளவுதானா? சின்ன வயசுல இருந்தே நீ கருமிடா."

"நாலு பொட்டி கொண்டாந்தீங்களே, அதுல இருந்து கொஞ்சம் போட்டுக்கங்ணா."

"என்ற பையன் ஒழுங்காத்தான் கட்டுனான். லாரி மாறிப்போச்சு."

"ஆமாங்ணா. ஒழுங்குல கொறையே இல்ல. ஜட்டிகூட மடிப்புக் கலையாம இருக்குது."

கரண்டி, நெய், முந்திரி, ஏலக்காய். அப்பா கேட்கக் கேட்கச் சித்தப்பா எடுத்துக் கொடுத்தார். அப்போதுதான் கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏனுங்க, இன்னைக்கு எதைக் கேட்டாலும் இல்லைன்னு சொல்லக்கூடாதுல்லீங்க? அப்படியே தடத்தையும் கேட்டறதுதானுங்க?"

சிரிப்பு பாதியில் நின்றது.

அந்தக் குரல் சொன்னது சரி. அப்பா வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டால் போதும். அம்மன் கல்லுக்கு முன்னால், ஊர் முன்னால், சித்தப்பா கொடுத்தே ஆகவேண்டும். வருஷக்கணக்கில் நடந்த சண்டை ஒரு மூச்சில் தீர்ந்துவிடும். சித்தப்பாவுக்கும் அது அப்போதுதான் புரிந்தது. நெய்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். மீசை ஆடவில்லை.

அப்பா அவரைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"உப்பு ஒரு சிட்டிகை குடுறா. அதில்லாம இனிப்பு எடுக்காது."

எந்த உப்புக்கல்லைக் கேட்கக்கூடாது என்று என்னிடம் சொல்லியிருந்தாரோ, அதே உப்பு.

சித்தப்பா உப்பைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. எங்கள் அடுப்பு ஓரத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்து விறகைத் தள்ளிவிட ஆரம்பித்தார். "இப்படியா அடுப்பெரிப்பாங்க?" என்று அப்பாவைத் திட்டவும் செய்தார்.

இத்தோடு முடிந்திருந்தால் என் மானத்தில் பாதியாவது மிஞ்சியிருக்கும். சித்தப்பா விறகைத் தள்ளுவதில் கை தாராளம். பொங்கல் ஒரேயடியாக எழும்பி, நுரை நாலு பக்கமும் வழிந்து, அடுப்பை அணைக்கப் பார்த்தது. அந்த நெருப்பு அணைந்தால் எந்த அடுப்பும் பற்றாது. "எறக்குங்க, எறக்குங்க!" என்று பூசாரி கத்தினார். போசி தனியாள் தூக்குகிற கனமில்லை. இரண்டு பேரும் எழுந்தார்கள். பிடிதுணி கேட்க யாருக்கும் தோன்றவில்லை. துண்டு இரண்டும் இடுப்பில் இறுகக் கிடந்தன. பக்கத்தில் திறந்து கிடந்தது என் ஒன்றாம் நம்பர் பெட்டி.

அப்பா ஒன்றை எடுத்தார். சித்தப்பா ஒன்றை எடுத்தார்.

"ஐயோ, ஷிப்மென்ட்!" என்று நான் அலறினேன்.

காதில் வாங்காமல், ஆளுக்கொரு பக்கம் வாத்தை வைத்துப் பிடித்து, இரண்டு பேரும் ஒரே மூச்சில் போசியை இறக்கி வைத்தார்கள். ஊர் குலவை போட்டது. நெருப்பு பிழைத்தது. இரண்டு ஜட்டிகளும் பிழைக்கவில்லை.

மற்றதை எல்லாம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வேப்பிலையை அவிழ்த்ததும் முதலாளிக்குப் போன் செய்து, திட்டு வாங்கி, அவருடைய காரிலேயே சரியான பெட்டிகளை ஏற்றிக்கொண்டு லாரியைத் தேடிப் போனேன். நாசமான இரண்டுக்கும் பதிலாக, மீந்த பீஸ்களில் இருந்து இரண்டை வைத்து மறுபடியும் சீல் செய்தேன். கப்பல் கிளம்பியது. என் போசி திரும்பி வந்தது. அன்றைய டைரியில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: 'காட்டுக்குப் போனோம். பொங்கல் நன்றாக வந்தது.'

நோம்பி கழிந்த வாரத்தில் தடத்து வேலியில் ஒரு படல் முளைத்தது. தூக்கி வைத்துவிட்டு மாடு ஓட்டிக்கொண்டு போகிற முள் கதவு. அப்பா சுவருக்கு இந்தப் பக்கமிருந்து, "என்னடா, படல் வெச்சிருக்கற?" என்று கேட்டார். "ஆடு போறதுக்கு வெச்சனுங்ணா" என்று அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. சித்தப்பாவிடம் ஆடு கிடையாது.

அந்த ஜட்டிகளை வசந்தி துவைத்துப் பார்த்தாள். கரி போகவில்லை. அடுத்த வருஷம் முறை வேறு வீட்டுக்கு. முதல் போசி இறக்கும் நேரம் வந்ததும் பூசாரி எங்களிடம் கை நீட்டினார். "போன வருஷம் நல்லா பொங்குச்சுங்க. அந்தத் துணியக் குடுங்க." வசந்தி எதற்கோ எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். கொடுத்தாள். அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்துவிட்டது. அவ்வளவுதான். அன்றிலிருந்து முதல் போசி அந்த இரண்டு துணிகளில்தான் இறங்குகிறது. முறை யாருடையதாக இருந்தாலும் ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் தம்பி என்று அண்ணன் தம்பிகளாகப் பார்த்துத்தான் பிடிக்கிறார்கள். வருஷம் முழுக்க அவை அம்மன் பெட்டிக்குள், பட்டுத் துணிக்குப் பக்கத்தில் இருக்கின்றன.

போன வருஷம் ஊர் வழக்கங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற ஒரு கல்லூரிப் பெண் வந்திருந்தது. போனில் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டே பூசாரியிடம் கேட்டது: "ஏனுங்கய்யா, அந்த மஞ்சத் துணி எதுக்குங்க?"

"அது பிளேக்குக் காலத்துல இருந்து வர்ற வழக்கம் கண்ணு" என்றார் பூசாரி, கொஞ்சமும் தயங்காமல். "பெரியவங்க துணியில நோயி ஒட்டியிருக்குமின்னு, பச்சக் கொழந்தை துணியிலதான் மொதல் போசிய எறக்குனாங்க."

பெட்டியில் ஒரு நம்பர் மாறினால்கூடத் தூக்கம் வராதவன் நான். திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். ஒரு பக்கம் வசந்தி முழங்கையால் இடித்தாள். மறுபக்கம் சித்தப்பா என் தோளில் கை வைத்து அழுத்தினார். அப்பா மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் அவர் வயிறு குலுங்கியது.

அந்தப் பெண் கெட்டிக்காரி. துணியைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தது. "ஆனா இதுல வாத்துப் படம் இருக்குதுங்களேய்யா?"

"வாத்தில்ல கண்ணு. அன்னம். அம்மனோட வாகனம்."

"எலாஸ்டிக்கும் இருக்குதுங்களே?"

பூசாரி என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, ஊர் மானம் முழுவதையும் குரலில் ஏற்றிக்கொண்டு சொன்னார்:

"நம்ம திருப்பூர்ல அது அந்தக் காலத்துலயே இருந்துச்சு கண்ணு."